கேள்வி ஒன்றுக்கு மூன்று மதிப்பெண்

வங்கியிலிருந்து வந்த கடிதம் ‘வாழ்த்துகள்!’ என்று ஆரம்பித்தது. அடுத்த வரியில், ‘உங்கள் கடன் மதிப்பெண் 638. நீங்கள் சுமாரானவர்’ என்றிருந்தது. கண்ணாடியக்கா அதை இரண்டு தடவை படித்தாள். வாழ்த்து எதற்கு என்பது இரண்டு தடவையும் விளங்கவில்லை.

மனிதர்களை வங்கி ஐந்து வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது: மோசம், சுமார், நன்று, மிக நன்று, உத்தமம். உயரம், எடை மாதிரி இதுவும் எல்லோருக்கும் உண்டு. என்ன, மற்றதை நாமே அளந்துகொள்ளலாம், இதை அவர்கள்தான் அளப்பார்கள். கண்ணாடியக்கா ஏன் சுமார் என்பதற்குக் கடிதத்தின் பின்பக்கம் காரணம் இருந்தது. வாழ்க்கையில் ஒரே தடவை, ஃப்ரிட்ஜ் வாங்குவதற்காக, அவள் கடன் வாங்கியிருந்தாள். பன்னிரண்டு மாதத் தவணையை எட்டு மாதத்திலேயே கட்டி முடித்துவிட்டாள். ‘அவசரப்பட்டு உறவை முறித்துக்கொள்ளும் போக்கு காணப்படுகிறது’ என்று வங்கி நாசூக்காக வருத்தப்பட்டிருந்தது.

“சுமார்னா மோசமில்லையே,” என்றார் டைல்ஸ் பதிக்கும் வேலை பார்க்கும் அவள் கணவர். “உங்க அம்மா என்னைப் பத்திச் சொன்னதும் அதேதானே.”

கண்ணாடியக்கா ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். இருட்டறையில் ஆளை உட்கார வைத்து, மூக்கின் மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?” என்று கேட்பதுதான் இருபத்திரண்டு வருட வேலை. அந்தத் தெருவில் அவளைவிட அதிகமாகக் கேள்வி கேட்டவர்கள் போலீஸ் நிலையத்தில்கூட இருக்க மாட்டார்கள். கேள்வி கேட்பதில் ஒரு தப்பு இருக்கும் என்று அவளுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

கடிதத்தோடு ஒரு துண்டுத்தாள் வந்திருந்தது. பரிசுப் புள்ளிகள் தரும் கடன் அட்டைகளைப் பற்றியது. அதில் வைர அட்டை என்று ஒன்று. சேர்ந்த உடனே வெளிநாடு போய் வர ஒரு விமான டிக்கெட் இலவசம். 600 மதிப்பெண் இருந்தால் போதும். வழக்கமாக இந்த மாதிரித் தாள்களில் பல்பைச் சுற்றி வைக்கும் கண்ணாடியக்கா, இதை மட்டும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

காரணம் தங்கை. சின்னவள் கடல் தாண்டிப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அங்கே ஒரு துணி ஆலையில் தரம் பார்க்கிற வேலை. ஞாயிறு காலையில் இருவரும் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். ஆறு வாரத்துக்கு முன்னால் சின்னவள் பேசிக்கொண்டே டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் விழுந்தது. அப்புறம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, டம்ளர் எங்கே என்று பார்த்தாள்.

“இடது கண்ணுல என்னடி?”

“ஒண்ணுமில்லக்கா. தூக்கம் பத்தல.”

கண்ணாடியக்காவுக்கு அந்தத் தலைச்சாய்ப்பு நன்றாகத் தெரியும். பக்கப் பார்வை சுருங்க ஆரம்பித்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். வலிக்காது, சிவக்காது, பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது. போன பார்வை திரும்பவும் வராது. டாக்டரிடம் போ என்று ஆறு வாரமாகச் சொல்கிறாள். சின்னவளும் போகிறேன் போகிறேன் என்கிறாள். பல்லில் வலி வந்தால்கூடக் கையைப் பிடித்து இழுத்துப் போனால்தான் போகிற ஜென்மம் அது. கையைப் பிடிக்க அங்கே யாருமில்லை. டிக்கெட் விலையோ புருஷன் பெண்டாட்டி இருவரின் நாலு மாதச் சம்பளம். கண்ணாடியக்காவுக்குப் பயமாக இருந்தது. அவள் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கணவரையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனாள்.

வங்கியின் கூடம் குளுகுளுவென்று இருந்தது. உத்தமர்களுக்கு சோபா, மிக நன்றானவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி, நன்றானவர்களுக்கு வெறும் நாற்காலி, சுமாரானவர்களுக்கு ஒரு நீளமான பெஞ்சு. மோசமானவர்களுக்கு நிற்பதற்குத் தரையில் மஞ்சள் வட்டம் போட்டிருந்தார்கள். எதிர்ச் சுவரில் ஆளுயர எழுத்தில், ‘உங்கள் கேள்விகளை அன்போடு வரவேற்கிறோம்’ என்று ஒரு பலகை. அதற்குக் கீழே ஏதோ பூச்சி ஊர்ந்த மாதிரி ஒரு வரி. மற்றவர்கள் அதைப் பூச்சி என்றே நினைத்துப் பல வருடம் கடந்து போயிருக்கிறார்கள். கண்ணாடியக்காவின் தொழிலே அந்த அளவு எழுத்துதான். இருந்த இடத்திலிருந்தே படித்தாள்: ‘ஒரு கேள்விக்கு மூன்று மதிப்பெண் கழிக்கப்படும்.’

நேரே வரவேற்பு மேஜைக்குப் போனாள். “இது நெஜமாவா?”

“நெஜம்தான் மேடம்,” என்றாள் அங்கிருந்த பெண்மணி, கணினியில் ஒரு பொத்தானைத் தட்டி. “அறுநூத்தி முப்பத்தஞ்சு.”

“அட, இதுக்குக்கூடவா?”

“அறுநூத்தி முப்பத்திரண்டு.”

“அநியாயமா இருக்கே!”

பெண்மணியின் விரல் பொத்தானுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கிவிட்டது. “இது ஆதங்கம் மேடம். ஆதங்கத்துக்குக் கழிக்க மாட்டோம்.”

நல்ல மதிப்பெண் உள்ளவர்கள் கேள்வி கேட்பதில்லை என்று வங்கி பல வருடம் ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தது. ஆகவே கேள்வி கேட்பவர்களுக்கு நல்ல மதிப்பெண் இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தது. இதில் எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மூன்று போய்விடும்.

அட்டை ஆலோசகர் டை கட்டிய ஐம்பது வயதுக்காரர். சிரிப்பை ஸ்விட்ச் போட்டு வரவழைப்பவர். இரண்டு அட்டைகளை எடுத்து, ஒன்றை நீட்டி, “மேடம், இது நல்லா இருக்கா?” என்றார். அதை எடுத்துக்கொண்டு மற்றதை நீட்டி, “இல்ல, இது நல்லா இருக்கா?” என்றார்.

கண்ணாடியக்காவுக்கு இந்த வித்தை பழக்கமானது. கடையில் ஆள் உண்மையைச் சொல்கிறாரா என்று பார்க்க, சில நேரம் அவளும் அதே வில்லையைத்தான் இரண்டாம் தடவை போடுவாள். “ரெண்டும் ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான் மேடம். நிறம் வேற. அறுநூத்தி இருபத்தொன்பது.”

சுமாரானவர்களுக்கென்று வங்கி தனி அக்கறையோடு அட்டைகள் செய்திருந்தது. முத்து அட்டையில் நூறு ரூபாய் செலவழித்தால் ஐந்து புள்ளி. ஆனால் அன்று மாலைக்குள் புள்ளிகள் காலாவதி ஆகிவிடும். பவள அட்டையில் புள்ளிகள் காலாவதியே ஆகாது. ஏனென்றால் அவற்றைச் செலவழிக்க வழியில்லை. விமான நிலைய ஓய்வறைக்குள் நுழையும் சலுகை இரண்டிலும் உண்டு, வாசல் வரைக்கும். உள்ளே உத்தமர்கள் சாப்பிடுவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பதினைந்து நிமிடம் பார்க்கலாம்.

“எங்களுக்கு வைர அட்டைதான் வேணும்,” என்றாள் கண்ணாடியக்கா, கேள்விக்குறி எதுவும் ஒட்டிக்கொண்டு வராதபடி கவனமாக.

“தாராளமா! போற டிக்கெட்டை உடனே கொடுத்துடுவோம். வர்ற டிக்கெட் மூணு வருஷம் கழிச்சு, உங்க நடத்தையைப் பார்த்துட்டு.”

“அப்போ மூணு வருஷம் இவ அங்கேயே இருக்கணுமா?” என்று கணவர் பதறிவிட்டார்.

“அறுநூத்தி இருபத்தாறு.”

“கேட்டது நான்ல சார்? எனக்குத்தானே கழிக்கணும்?”

“குடும்பக் கேள்வி, மேடம் கணக்குலதான் சேரும். அறுநூத்தி இருபத்து மூணு. இப்ப கேட்டது ரெண்டு கேள்விங்கிறதால அறுநூத்தி இருபது.”

கணவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்த ஆலோசகர், கைகளுக்கு மேலே தெரிந்த புருவங்களை உற்றுக் கவனித்து, விதிப்புத்தகத்தைப் புரட்டி, “புருவம் உயர்த்துவது அரைக் கேள்வி. ரெண்டு புருவம்,” என்று சொல்லி இன்னொரு மூன்றைக் கழித்தார். முதல் நாள் 617-இல் முடிந்தது.

மறுநாள் கண்ணாடியக்கா தனியாகவே வந்தாள். கணவர் வேலைக்கும் போகவில்லை, வங்கிக்கும் வரவில்லை. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று புருவத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவள் ஒரு உபாயத்தோடு வந்திருந்தாள். “வருஷக் கட்டணம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது,” என்றாள். “தெரிஞ்சா நல்லா இருக்கும்.” ஆலோசகர் வாயைத் திறந்தார், விதிப்புத்தகத்தைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் சொன்னார். “வர்ற டிக்கெட்டைச் சீக்கிரம் கொடுக்க வழி இருக்கிறதா யாரோ சொன்னாங்க. சொன்னவங்க பொய் சொல்ல மாட்டாங்க,” என்றாள். வழி இருந்தது, முந்நூறு ரூபாய் அதிகம் கட்டினால் போதும், அது யாரும் கேட்காததால் யாருக்கும் சொல்லப்படாத வழி. பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுமாரானவர்கள் பத்துப் பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். ஒரு மணி நேரத்தில் கூடம் முழுக்க, “எனக்கு ஒண்ணு புரியல, பரவாயில்ல, புரியாமலே போகட்டும்” என்று மனிதர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது போலப் பேச ஆரம்பித்தார்கள். அதிகாரிகள் பதில் சொல்லி மாளவில்லை.

மூன்றாம் நாள் பலகையில் இன்னொரு பூச்சி ஊர்ந்தது: ‘கேள்வி போன்ற வாக்கியங்களும் கேள்வியாகவே கருதப்படும்.’ அதோடு மேலாளர் அவளைத் தன் அறைக்கு அழைத்தார்.

மேலாளர் அகலமான மனிதர். மேஜை அவரைவிட அகலம். “உட்காருங்கம்மா,” என்றார். உட்கார ஒரு நாற்காலியும் இல்லை. சுமாரானவர்கள் அந்த அறைக்குள் வருவார்கள் என்று கட்டடம் கட்டியவர்கள் எதிர்பார்க்கவில்லை.

“எங்க தொழிலே நம்பிக்கைதாம்மா,” என்று ஆரம்பித்தார். “யாரையும் நம்பக் கூடாதுங்கிற நம்பிக்கை. அதுல நாங்க உறுதியா இருக்கோம். ஒருத்தங்க நாப்பத்தாறு வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் கடன் வாங்கியிருக்காங்கன்னா என்ன அர்த்தம்? எங்களை ஒரு பொருட்டாவே நினைக்கலன்னு அர்த்தம். வாங்கிட்டுத் திருப்பித் தராதவங்ககூட எங்களோட தொடர்புல இருக்காங்க. தினமும் நாங்க போன் பண்றோம். அவங்க எடுக்க மாட்டாங்க. ஆனா அது ஒரு உறவு.”

“அப்போ நான் என்ன செய்யணும்?”

“கடன் வாங்கணும். வேண்டாத பொருளுக்கு வாங்கினா இன்னும் நல்லது. வேணும்கிற பொருளுக்குக் கடன் வாங்கறவங்களை நாங்க கொஞ்சம் சந்தேகமாத்தான் பார்ப்போம், அவசரத்துல இருப்பாங்க பாருங்க.”

“எனக்கு அவசரம் சார். என் தங்கச்சிக்குக் கண்ணு போயிட்டிருக்கு. இதுல உங்களுக்கு ஒண்ணுமே தோணலயா?”

“தோணுதும்மா. ஆனா தோணறதைப் பதிவு பண்ண இதுல இடமில்ல.” கணினியைத் தடவிக்கொண்டே சொன்னார். “இதுவரைக்கும் ரெண்டு கேள்வி. அறுநூத்திப் பதினொண்ணு.”

கண்ணாடியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் மூன்றே மூன்று கேள்வி கேட்டாள்: விண்ணப்பம் எங்கே, எந்த இடத்தில் கையெழுத்து, டிக்கெட் எத்தனை நாளில் வரும். ஆக 602 மிச்சம் இருந்தது. 600 போதும். மனசுக்குள் சின்னவளுக்கு என்னென்ன எடுத்துப் போவது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒன்பது பக்க விண்ணப்பத்தை மூச்சுப் பேச்சில்லாமல் பூர்த்தி செய்து நீட்டினாள்.

மேலாளர் வாங்கினார். முத்திரை குத்தினார். பொத்தானைத் தட்டினார்.

“மன்னிக்கணும்மா. ஐநூத்தித் தொண்ணூத்தொன்பது. வைர அட்டை கிடையாது.”

“நான் வாயே தொறக்கலையே!”

“விண்ணப்பம்னா என்னம்மா? எனக்கு இது கிடைக்குமான்னு கேக்கறதுதானே. எல்லாக் கேள்விக்கும் மேலான கேள்வி அது. இதுக்குப் போய் மூணு மட்டும் கழிக்கிறோமேன்னு மேலிடத்துல எங்களுக்கே கெட்ட பேரு.”

கண்ணாடியக்கா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். கண்ணைப் பரிசோதிக்கிற பார்வை. அழுகை வந்தது, அதை முந்திக்கொண்டு கோபம் வந்தது. பயந்து பயந்து பேசி, வாக்கியத்தை முறித்து முறித்துப் பேசி, கட்டியவரை வீட்டில் புருவத்தோடு உட்கார வைத்துவிட்டு வந்து, கடைசியில் இதுதான் பதில். அவள் கூடத்துக்கு வந்து, வரவேற்பு மேஜைக்கு எதிரே பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எத்தனை மிச்சம்?” என்றாள் சத்தமாக.

“ஐநூத்தித் தொண்ணூத்தாறு மேடம்,” என்றாள் வரவேற்புப் பெண்மணி பயந்துபோய்.

“இந்தப் பேனாவை ஏன் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கீங்க? நாங்க எங்க பணத்தை உங்ககிட்ட விட்டுட்டுப் போறோமே, அதுக்கு ஏன் சங்கிலி இல்ல? நாலு கவுண்டர் இருக்கு, மூணுல ஏன் ஆளில்ல? மூணுலயும் ஆளில்லன்னா, ஏன் மூணுலயும் ஃபேன் ஓடுது? உத்தமம்னு சொல்றீங்களே, அந்த சோபாவுல இதுவரைக்கும் யாராவது உட்கார்ந்து நீங்க பார்த்திருக்கீங்களா?”

பெண்மணி யோசித்தாள். “இல்ல மேடம்,” என்றாள். அவளுக்கும் அன்றுதான் அது உறைத்தது.

கண்ணாடியக்கா கடையில் ஆறு நாள் லீவு போட்டாள். தினம் வங்கி திறக்கும்போது வந்தாள், மூடும்போது போனாள். வங்கியின் விதி ஒன்பது, ‘மதிப்பெண் கழிக்கப்பட்ட கேள்விக்குப் பதில் அளிக்கப்பட வேண்டும்’ என்று சொல்லியது. ஆகவே அவர்கள் பதில் சொல்லியே தீர வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் கேள்விகள் தீர்ந்துபோய், கடிகாரம் ஏன் வட்டமாக இருக்கிறது என்றுகூடக் கேட்டாள். அதற்குத் தலைமை அலுவலகத்திலிருந்து எழுத்து மூலமாகப் பதில் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மதிப்பெண் மிச்சம் நின்றது. மூன்று கழிக்க வழியில்லை. மேலாளர் மேலிடத்தோடு முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்து, “ரெண்டு மதிப்பெண்ணுக்கு மூணுல ரெண்டு பங்கு கேள்வி கேட்கலாம்,” என்று அறிவித்தார்.

“என் தங்கச்சியை நான் ஏன்,” என்று கேட்டு நிறுத்தினாள் கண்ணாடியக்கா.

பெண்மணி குனிந்துகொண்டே பொத்தானைத் தட்டினாள். பூஜ்யம்.

“அடுத்த கேள்வி,” என்றாள் கண்ணாடியக்கா. பொத்தான் தட்டப்பட்டது. பூஜ்யம். இன்னொரு தடவை தட்டினார்கள். பூஜ்யத்துக்குக் கீழே போக அந்தக் கணினிக்குத் தெரியவில்லை. கழித்தல் குறி வர வேண்டிய இடத்தில் வங்கி தன் சின்னத்தைப் பெருமையோடு பொறித்து வைத்திருந்தது.

மோட்டார் பம்பு ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர்தான் முதலில் எழுந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தார். “நாலு வருஷமா ஒரு சந்தேகம்மா. நான் கேட்டா மதிப்பெண் இறங்கி, கடைக் கடனுக்கு வட்டி ஏறிடும். உனக்கு இனிமே என்ன, நீ கேளேன்.”

அவள் கேட்டாள். அவருடைய கடன் போன வருடமே தீர்ந்துவிட்டதாகவும், அதற்குப் பிறகும் அவர் கட்டிக்கொண்டிருப்பதை அவரது நல்ல பழக்கமாகக் கருதி வங்கி குறுக்கிடவில்லை என்றும் பதில் வந்தது. அடுத்து ஒரு ரொட்டிக்கடைக்காரம்மாள் வந்தாள். மாதாமாதம் ‘இதர கட்டணம்’ என்று பிடிக்கிறார்களே, அது என்ன? இரண்டு மணி நேரம் கோப்புகளைப் புரட்டினார்கள். இதர கட்டணம் வசூலிக்கலாமா என்று கூடிப் பேசிய கூட்டத்தில் குடித்த தேநீருக்கான கட்டணம் அது என்று தெரியவந்தது. திங்கட்கிழமை வரிசை வங்கியின் வாசலைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் நின்றது. நன்றானவர்களும் மிக நன்றானவர்களும் மடித்த தாளோடு நின்றார்கள். ஊரிலேயே பூஜ்யம் வாங்கிய ஒரே ஒருத்தியின் முன்னால்.

செவ்வாய்க்கிழமை மேலாளர் அவளை மறுபடி அழைத்தார். இப்போது நாற்காலி இருந்தது. தேநீரும் இருந்தது.

“உங்களை மேலிடத்துல எல்லாருக்கும் தெரியும்மா,” என்றார் குரலைத் தாழ்த்தி. “ஒரு விசேஷ முடிவு எடுத்திருக்காங்க. எழுநூத்தம்பது மதிப்பெண் அன்பளிப்பு. வைர அட்டை. டிக்கெட், போகவும் வரவும், இந்த வாரமே. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். கூடத்துல உட்காராம இருந்தா போதும்.”

“இவ்வளவு நல்லவங்களா இருக்கீங்களே, ஏன்?”

“ஒண்ணுமே இல்லாதவங்களை வச்சுக்கிட்டு நாங்க என்னம்மா பண்றது?” மேலாளர் முதல் தடவையாக மனம் விட்டுப் பேசினார். “எடுக்கறதுக்கு ஏதாவது இருந்தாத்தானே ஆளு பயப்படுவாங்க? அதுக்காகத்தான் கொடுக்கறோம்.”

ஒரு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கணவர் சொல்வதற்கு முன்னாலேயே அவள் தீர்மானித்துவிட்டாள். பம்பு ரிப்பேர்காரரின் முகம் கண் முன்னால் வந்தது, ஆனாலும் வாங்கிக்கொள்ளத்தான் போகிறாள். ஒரு கண்ணுக்கு முன்னால் இந்த வீம்பெல்லாம் என்ன? மறுநாள் காலையில் தங்கையைக் கூப்பிட்டாள். “புறப்பட்டு வரேன்டி,” என்று ஆரம்பித்து, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள்.

சின்னவள் முதலில் சிரித்தாள். கடிகாரம் ஏன் வட்டமாக இருக்கிறது என்கிற இடத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் போனைக் கீழே வைத்துவிட்டாள். மேலாளர் தேநீர் கொடுத்த இடம் வந்ததும் சிரிப்பு நின்றது.

“வேண்டாங்க்கா.”

“என்னடி வேண்டாம்? உன் கண்ணு...”

“எனக்காக நீ வாயை மூடிக்கிட்டு வராதே. நீ கேள்வி கேக்காம இங்க வந்து நின்னா, யாரோ வந்த மாதிரி இருக்கும். அந்த டிக்கெட்டைக் கொண்டுபோய் அவன் மூஞ்சிலயே கொடு.” போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். “இங்கயும் அதே பேங்குதான். அதே மதிப்பெண்தான். எனக்கு எண்ணூத்தி இருபது. வீட்டு வாடகை, வேலை, விசா எல்லாத்துக்கும் அதைத்தான் பாக்கறாங்க. பதினோரு வருஷமா அவங்ககிட்ட நான் எதையுமே கேட்டதில்லக்கா. என் அட்டையில பாயிண்ட் எவ்வளவு இருக்குன்னுகூட. இரு, இப்ப கேக்கறேன்.”

நாலே நிமிடத்தில் அவளுக்குப் பதில் வந்துவிட்டது. நாலு தடவை ஊருக்குப் போய் வருகிற அளவுக்குப் புள்ளிகள் சேர்ந்திருந்தன. முதல் டிக்கெட்டுக்கு வேண்டியது அவள் போன இரண்டாம் வருடமே சேர்ந்துவிட்டதாம். தெரிவிக்கவில்லையா என்று கேட்டதற்கு, நீங்கள் கேட்கவில்லையே என்றார்களாம். அந்தப் பதினோரு வருடத்தில்தான் அம்மா போனார். அன்று சின்னவள் டிக்கெட் விலையைக் கேட்டுவிட்டு, போனிலேயே அழுது முடித்தாள்.

கண்ணாடியக்கா அன்றே வங்கிக்குப் போய், அன்பளிப்பு வேண்டாம் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டுப் பழையபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒன்பதாம் நாள் சின்னவள் வந்து இறங்கினாள். கண்ணாடியக்கா அவளை வீட்டுக்குக்கூடக் கூட்டிப் போகாமல் நேரே கடையின் இருட்டறைக்குக் கூட்டிப் போனாள். அங்கிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம். இடது கண்ணில் ஓரப் பார்வை கால் பங்கு போய்விட்டிருந்தது. அது போனது போனதுதான். மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர். “ரெண்டு மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தா முழுசா இருந்திருக்கும்,” என்றும் சொன்னார். கண்ணாடியக்கா தங்கையின் கையை விடவில்லை. வாசல்படியில் இருவரும் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் சின்னவள் வங்கிக்கு வந்தாள். மடித்த தாளோடு நிற்கிற வரிசையில் நிற்கவில்லை. அக்கா பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தும் உட்காரவில்லை. தலையைச் சாய்த்துக் கூடத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பார்த்துவிட்டு, நேரே வரவேற்பு மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

மேலாளர் ஓடி வந்தார். “மேடம், உங்க மதிப்பெண் எண்ணூத்திப் பதினாலு. நீங்க உத்தமம். உங்களுக்காக சோபா இருக்கு. கேட்க வேண்டியதை உங்க அக்காகிட்ட சொல்லிடுங்க, அவங்க கேட்கட்டும். அவங்களுக்குப் போக ஒண்ணுமில்ல. நீங்க ஏன் இறக்கிக்கணும்?”

“என்னோட கேள்வியை நானே கேக்கறேன்,” என்றாள் சின்னவள். “நீங்க பொத்தானைத் தட்டிட்டே இருங்க.”

கூடம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பெண்மணியின் விரல் பொத்தானுக்கு மேலே போய் நின்றது.

“எங்க அம்மா ஏழு வருஷம் முன்னாடி போனாங்க. நான் வந்து பார்க்கறதுக்கான டிக்கெட் அன்னிக்கு உங்ககிட்ட இருந்துது. இதுக்கு எத்தனை மதிப்பெண் சார் கழிப்பீங்க, உங்களுக்கு?”

பெண்மணி விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.